குத்தகைத் தோட்டத்துக்கே கூலிக்குப் போன அக்கா

கம்பத்திலிருந்து:

அடிபட்டு எழுந்தவர்களை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மேடையேறிப் பேசுகிற வெற்றிக்கதை எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

2018 ஆகஸ்ட் பெருமழையில் கேரளாவின் இடுக்கி மலையில் ஏலக்காய்த் தோட்டங்கள் அழுகிப்போயின. அடுத்த ஆண்டு மழை தாமதித்தது. காய் இல்லாததால் விலை ஏறி, 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலக்காய்ச் சந்தையில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. அந்தச் சூட்டில் இங்கிருந்து மலையேறிக் குத்தகை பிடித்தவர்களில் அந்த வீட்டு அண்ணனும் ஒருவர். நெடுங்கண்டம் பக்கம் தோட்டம். குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அவர் மனைவியான அக்காவின் நகையும் வட்டிக்கு வாங்கியதும் அதற்கே சரியாகிவிட்டன. மறு ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு என்று கேரளாவுக்கு ஏறும் எல்லா வழியும் அடைபட்டன. தோட்டம் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம். கவாத்தும் இல்லை, மருந்தடிப்பும் இல்லை. பிறகு காய் கைக்கு வந்தபோது விலை சரிந்துகொண்டே போனது; 2022-இல் கிலோ 1000 ரூபாய்க்கும் கீழே.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விலை ஏறும்போது ‘விவரமான ஆள்’ என்றதும், இறங்கியதும் ‘பேராசைக்காரன்’ என்றதும் இதே தெருதான்.

குத்தகை கைவிட்டுப் போனதும் அண்ணன் வாசலுக்குக்கூட வரவில்லை. அக்கா விடியற்காலை ஜீப்பில் ஏறிவிட்டார், காய் எடுக்க. அதுவும் எந்தத் தோட்டத்துக்கு? அவர்கள் குத்தகைக்கு வைத்திருந்த அதே தோட்டத்துக்கு. ஜீப்பில் இருந்த பெண்களெல்லாம் முன்பு அவரிடம் கூலி வாங்கியவர்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் வாயடைத்திருக்க, ஒரு பாட்டி மட்டும் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “ஏறு தாயி. மேட்டில் வண்டி நின்றால் மறுபடி கிளம்பாது” என்றாராம்.

அக்கா என்னிடம் சொன்னது இது: “ஏலக்காய் செடியின் அடியில், தூரில்தானே காய்க்கிறது? குனிந்தபடியேதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. எந்தத் தூரில் காய்ச்சரம் எங்கே ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அன்று அதிகமாகக் காய் எடுத்தது நான்தான்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான், சந்தேகமே இல்லை.

அண்ணனை எழுப்ப ஊரே வந்து பேசிப் பார்த்தது. “தைரியமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஏலக்காய் உலர்த்தும் கூடமான ‘ஸ்டோர்’ வைத்திருக்கும் ஒருவர் மட்டும், “ராத்திரி அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வருகிறாயா?” என்று கேட்டார். பச்சைக்காயை உலர்த்துவது விடிய விடியக் கண் விழிக்கிற வேலை. சூடு கூடினால் நிறம் போய்விடும், குறைந்தால் ஈரம் நிற்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. இவருக்குத்தான் தூக்கமே வரவில்லையே! சும்மா புரண்டுகொண்டிருந்ததற்குச் சம்பளம் கிடைத்தது. பகலில் தூங்க ஆரம்பித்தார். நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் அந்த வேலையில் இல்லை. எனக்கென்னவோ அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

2024 கோடையில் வறட்சி வந்து ஏலச்செடியின் தண்டுகளான தட்டைகள் நின்றபடியே கருகின. விலை மறுபடி 2000-ஐத் தாண்டியது. அண்ணனுக்கு மறுபடி கை அரித்தது. அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கூலியே போதும்.”

தேவிகுளத்திலிருந்து:

அக்காவுக்கு என் வணக்கம். ஆனால் எல்லா இழப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள், நம் தமிழ் ஆட்கள். அந்த லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய் ‘மீண்டு வாருங்கள்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கே மீள்வது? வீடே மண்ணுக்குள் இருக்கிறது.

நான் பார்த்தவரை, பக்கத்தில் நின்றவர்கள் காகிதம் பார்த்துக் கொடுத்தவர்கள்தான். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் மண்ணோடு போயிருந்தன. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்துக் காட்டி, அலுவலக வரிசையில் கூடவே நின்ற பையன் ஒருவன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை. அவனைத்தான் இன்றும் தேடிப் போகிறார்கள்.

நகரியிலிருந்து:

நாங்கள் விசைத்தறிக் குடும்பம். ஊரடங்குக்குப் பிறகு என் சித்தப்பா தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டார். இப்போது இட்லிக்கடை, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் தறிச் சத்தம் கேட்கிற தெருவில் நடக்க மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். இதை மீண்டது என்பதா, இல்லை என்பதா?

கம்பத்துக்காரரிடம் ஒரு கேள்வி. வட்டிக்கு வாங்கியது என்ன ஆயிற்று? எல்லோரும் கதையைச் சொல்கிறீர்கள், கடனைச் சொல்வதில்லை.

கம்பத்திலிருந்து:

நியாயமான கேள்வி. கடன் இன்னும் இருக்கிறது. நகையில் பாதியை மீட்டிருக்கிறார்கள். வெளியில் வாங்கிய தொகைக்கு வட்டியை நிறுத்தி, மாதாமாதம் அசல் மட்டும் கட்டுவதாகப் பேசி முடித்தது அக்காதான். அண்ணனை அனுப்பியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அக்கா போகும்போதே, எந்த மாதம் எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது என்று பழைய பள்ளி நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். கொடுத்தவரிடம் அப்படி ஒரு கணக்கே இல்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் சித்தப்பாவுக்கும் பாக்கி ஏதாவது இருந்தால், முதலில் நோட்டுப் போடச் சொல்லுங்கள்.