ஆறும் சரி, ஒன்பதும் சரி என்றால் அந்த 600 ரூபாய் யாருடையது?

குடமுருட்டி:
இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால்தான் தனித் திரி. வேலையிடத் தகராறு பற்றிய திரியில் 'தஞ்சைப் பயிற்றுநர்' எழுதியது இது: "தரையில் ஒரு 6 வரையுங்கள். எதிரெதிரே இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒருவருக்கு ஆறு, மற்றவருக்கு ஒன்பது. இருவரும் சரி. இது புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது."

இதே படத்தை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். நான் ஒரு நெல் ஆலையில் கிடங்கு மேற்பார்வை. மூட்டையில் லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதி நெல் என்று காட்டும் எண்ணை, எண் வடிவம் வெட்டிய தகரத் தகடு வைத்து மசி தடவி அடிப்போம். 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடு விழும். மூட்டை தலைகீழாக அட்டியில் (அடுக்கில்) ஏறினாலும் குழப்பம் வராது. போன குறுவையில் லாட் 6 போக வேண்டிய லாரியில் லாட் 9 ஏறிவிட்டது, 40 மூட்டை. சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் கூலியில் 600 ரூபாய் பிடித்தார்கள். அவர் "நான் பார்த்தது ஆறுதான்" என்றார். நான் "ஒன்பதை ஆறென்று ஏற்றிவிட்டுப் பேசாதீர்கள்" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து எங்கள் இருவரையும் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வந்தவர் சாக்பீஸால் 6 வரைந்து, இரு பக்கமும் நிற்க வைத்து, "இருவரும் சரி, கை குலுக்குங்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தத் தகட்டை எடுத்துப் பார்த்தேன். 9-க்குக் கீழே கோடு வெட்டிய இடம் நசுங்கி, பழைய மசி காய்ந்து அடைத்திருந்தது. கோடே விழவில்லை. தகட்டை மாற்றினோம். 600 ரூபாய் மட்டும் திரும்பவில்லை. "வகுப்பில்தான் பேசித் தீர்த்துவிட்டோமே" என்றார்கள்.

மூட்டையில் இருந்தது ஒன்பது. அண்ணன் மேல் தப்பில்லை, ஆனாலும் அது ஒன்பதுதான். தப்பு கோட்டில். உங்கள் படத்தில் கோடு எங்கே சார்?

தஞ்சைப் பயிற்றுநர்:
என்னைப் பெயர் சொல்லி இழுத்ததால் வருகிறேன். சம்பவம் நடந்து ஒரு வாரம் நீங்கள் ஏன் தகட்டைப் பார்க்கவில்லை? வகுப்புக்கு மறுநாள்தானே பார்த்தீர்கள்? அவர் நின்ற பக்கத்தில் உங்களை நிறுத்திய பிறகுதான் 'இவர் பொய் சொல்லவில்லையோ' என்று தோன்றியது. படம் தன் வேலையைச் செய்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சண்டைக்கு வருகிறீர்கள்.

குடமுருட்டி:
என்னைத் தகட்டிடம் அனுப்பியது அவர் முகம். உங்கள் படம் இல்லை. படத்தை நம்பியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். இருவரும் சரி என்றான பிறகு எவன் போய்த் தகட்டைப் பார்ப்பான்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கோடு எங்கே?

ஆடுதுறை36:
குடமுருட்டி அண்ணே, எண் என்றால் மாறவே மாறாது என்கிற மாதிரி பேசுகிறீர்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் மழை என்று மத்திய அரசு 19 வரை தளர்த்தியது. முந்தின மாதம் திருப்பி அனுப்பிய நெல்லை அந்த மாதம் வாங்கினார்கள். காலையில் பனியோடு எடுத்த நெல்லுக்கு மெஷின் ஒன்று காட்டும், பதினொரு மணி வெயிலில் கிண்டிவிட்டு எடுத்தால் வேறு காட்டும். மூட்டை ஓரத்தில் அள்ளினால் ஒன்று, நடுவில் கைவிட்டு அள்ளினால் ஒன்று. என் அப்பா நெல்லைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார், 'டக்' என்று உடைய வேண்டும். எங்கே நின்று பார்க்கிறோம் என்பது முக்கியம்தான்.

குடமுருட்டி:
தம்பி, 17 என்பது 19 ஆனது யாரோ எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்ததால் இல்லை. உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் கோடு. நீங்கள் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள்.

ஆடுதுறை36:
நான் யார் பக்கமும் இல்லை. நெல்லை எங்கே அள்ளிப் பார்ப்பது என்று கேட்கிறேன்.

தஞ்சைப் பயிற்றுநர்:
பயிற்சி என்றால் சாக்பீஸ் படம் மட்டும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-லேயே ஓர் உரையில் சொன்ன சம்பவம். நூலகத்தில் ஒரு சிறிய அறை. ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஃபாலெட் மூடச் சொன்னார். கடைசியில் யாரும் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வேண்டும், இவருக்கு வாடைக்காற்று நேராக மேலே அடிக்கக்கூடாது. இரண்டும் கிடைத்தன. இதைச் சமரசம் என்று சொல்லாதீர்கள் என்றார் ஃபாலெட், யாரும் எதையும் இழக்கவில்லையே. இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தகராறைக் கையாளும் ஐந்து வழிகளை 1974-லேயே தாமஸ், கில்மான் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் வகுத்துவிட்டார்கள். படித்துவிட்டு வந்து பேசலாம்.

குடமுருட்டி:
ஜன்னல் கதை நல்ல கதை. அதில் அவர்கள் "திறந்திருப்பதும் சரி, மூடியிருப்பதும் சரி" என்று கைகுலுக்கிவிட்டு உட்காரவில்லையே? எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். எங்கள் கிடங்கில் அந்த ஜன்னல்தான் தகடு. நீங்களே என் வாதத்தை எழுதிவிட்டு என்னைப் படிக்கச் சொல்கிறீர்கள். போன ஆடிப்பெருக்குத் திரியிலும் இப்படித்தான், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வயதைச் சொன்னீர்கள்.

தஞ்சைப் பயிற்றுநர்:
ஆடிப்பெருக்குத் திரியில் என்னை 'கரைமேல் நின்று பேசுகிறவர்' என்றது யார்? இன்னும் மறக்கவில்லை.

கல்லணைக்காரர்:
காவிரியை விட்டுவிட்டீர்களே. நடுவர் மன்றம் 2007-ல் கர்நாடகம் நமக்கு 192 டிஎம்சி விட வேண்டும் என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் 177.25 ஆக்கியது. அங்கேயும் மனக்குறை, இங்கேயும் மனக்குறை. பார்வையை மாற்றியா தண்ணீர் வருகிறது? எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள், வருகிறது.

தஞ்சைப் பயிற்றுநர்:
வருகிறதா? எந்த வருடம் ஒழுங்காக வந்தது? அளந்தால் சண்டை தீரும் என்றால் காவிரிச் சண்டை என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டும்.

கல்லணைக்காரர்:
அளப்பதால்தான் குறைந்ததைக் கேட்கவாவது முடிகிறது. ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்காத வருடம் கடைமடையில் வந்து நின்று பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. கீழ்வெண்மணி இந்த மண்ணில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25, 44 உயிர். பின்னணி கூலித் தகராறு. தண்டனை பெற்ற நிலக்கிழார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கூலி கேட்பவரையும் கூலி பிடிப்பவரையும் ஒரே படத்தின் இரு பக்கம் சமமாக நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது. அந்த இருவரும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை ஐயா.

தஞ்சைப் பயிற்றுநர்:
அம்மா, மரியாதையோடு சொல்கிறேன், 600 ரூபாய்த் தகராறுக்கு வெண்மணியைக் கொண்டு வருவது நியாயம் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
அங்கேயும் அரைப்படி நெல்தான் கூடுதலாகக் கேட்டார்கள். சின்னத் தொகை என்று யார் முடிவு செய்வது?

குடமுருட்டி:
அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்று மட்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 2010-லேயே சேர்த்தார்கள். நிர்வாகத் தரப்பு, தொழிலாளர் தரப்பு சம எண்ணிக்கையில். அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தால் தகட்டை மேசைமேல் வைத்துப் பார்த்திருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. குழுவுக்குப் பதில் சாக்பீஸ் வந்தது.

தஞ்சைப் பயிற்றுநர்:
அதற்கு உங்கள் நிர்வாகத்தைக் கேளுங்கள். படத்தை ஏன் திட்டுகிறீர்கள்? பணத்தைத் திருப்பித் தராதது பயிற்றுநரின் தவறா?

குடமுருட்டி:
"பேசித் தீர்த்துவிட்டோம்" என்று அவர்கள் சொல்ல வழி செய்தது அந்த "இருவரும் சரி". அந்த வார்த்தை இல்லாவிட்டால் யார் தவறு என்று தேடியாக வேண்டும். தேடியிருந்தால் 600 ரூபாய் அன்றைக்கே திரும்பியிருக்கும். கோடு இல்லாத 6-ஐ வரைவதும் கோடு இல்லாத தகட்டில் மசி அடிப்பதும் ஒன்று.

தஞ்சைப் பயிற்றுநர்:
கோடு கோடு என்று ஒரே பாட்டு. கோடு போட்டுவிட்டால் அந்தப் பயிற்சிக்கே வேலை இல்லை, புரியவில்லையா? புதன்கிழமை மன்னார்குடியில் வகுப்பு இருக்கிறது. அதே படத்தைத்தான் வரையப் போகிறேன்.

குடமுருட்டி:
மன்னார்குடியில் எந்த இடம்? தகட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். பழையதை நான் தூக்கிப் போடவில்லை.

தஞ்சைப் பயிற்றுநர்:
பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

ஆடுதுறை36:
நெல்லை மூட்டை நடுவில் அள்ள வேண்டுமா, ஓரத்திலா? யாராவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறுப்பு.