அருங்காட்சியகத்தில் ஓவிய வகுப்பு: மனத்தை விட்டுப் போகாத ஒரு தருணம் உங்களுக்கும் உண்டா?

வண்ணக்கட்டி

மூன்று வாரமாக ஒரு வலக்கை என்னை உறங்க விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் நான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். திருவெண்காட்டு ரிஷபவாகனரை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். 1011ஆம் ஆண்டுச் சிவன் செப்புத் திருமேனி. பாம்பு சுற்றிய சடையைத் தலைப்பாகைபோல் கட்டிக்கொண்டு, கால்களைக் குறுக்காக வைத்து, வலக்கையைக் காளைமேல் சாய்த்து நிற்கிறார். காளைதான் இல்லை.

வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன். சிலையைப் பார்த்தபடியே தன் கையை அதேபோல் மடக்கினான், கால்களைக் குறுக்கே வைத்தான், தடுமாறினான். "சார், இவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார்?"

"காளைமேல். அது கிடைக்கவில்லை" என்று மறு நொடியே சொல்லிவிட்டேன். அவன் கையைக் கீழே போட்டான். எல்லோரும் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் நான் பொறுத்திருந்தால் முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காளையைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

அங்மோகியோ அம்மா

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது சார். இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் அருங்காட்சியகம் போவது ஓவியப் பாடத்திலேயே சேர்ந்தது. மகளின் வகுப்போடு தொண்டூழியராக தேசியக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன், அந்தப் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு.

சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' படத்தின் முன்னே பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்தார் வழிகாட்டி. படத்தின் பெயரைச் சொல்லவில்லை. கேட்டது மூன்றே கேள்விகள்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? கூட்டம் என்றான் ஒருவன், தேர்வு என்றாள் ஒருத்தி. அதுவரை பேசாமலிருந்த மலாய்ச் சிறுமி எழுந்து, படத்திலுள்ள கரும்பலகையைக் காட்டி அதிலிருந்த இரண்டு மலாய் வரிகளையும் வாய்விட்டுப் படித்தாள். உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? அவ்வளவுதான் அங்கே எழுதியிருப்பது. அறை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

வழிகாட்டி முந்திக்கொண்டிருந்தால் அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே முடியாது.

கோவைத் தந்தை

உங்களுக்கெல்லாம் நல்ல வழிகாட்டி வாய்த்திருக்கிறார். என் மகனின் பள்ளியும் ஓர் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிக்குத் துணைக்குப் போனேன். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் நான்கு பக்கக் கேள்வித்தாள். சிலை எந்த நூற்றாண்டு, எந்த ஊர், என்ன கல்? விடைகள் எல்லாம் சிலைக்குக் கீழே இருக்கும் பலகையில். ஒன்றரை மணி நேரமும் பிள்ளைகள் குனிந்து பலகையைப் பார்த்து எழுதினார்கள், ஓடினார்கள், மறுபடி குனிந்தார்கள். இரவில் மகனிடம், எந்தச் சிலை பிடித்தது என்று கேட்டேன். "பதினெட்டும் எழுதிவிட்டேன் அப்பா" என்றான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எழும்பூர்ப் பழையவர்

கேள்வித்தாள் பற்றிக் கோவை நண்பர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அங்மோகியோ அம்மா சொன்னதை ஏற்க முடியவில்லை. அந்த மூன்று கேள்விகளும் பிலிப் யெனவைன், அபிகேல் ஹவுசன் இருவரும் வகுத்தவை. யெனவைன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்தியவர். சுவரில் மாட்டுவதற்கென்றே வரைந்த படத்துக்கு அவை பொருந்தும். நம் செப்புத் திருமேனி அப்படிப்பட்டதா? பட்டும் மாலையும் சாத்தி, வீதியில் தூக்கிக்கொண்டு போகச் செய்தது. துணியில்லாமல், பூவில்லாமல், விளக்கொளியில் அசையாமல் நிற்க வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று பிள்ளையைக் கேட்பது நியாயமா?

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு வருடந்தோறும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு முறை ஒரு சிறுமி பீடத்திலிருந்த துளைகளைக் காட்டி, "திருகாணி போடவா ஐயா?" என்று கேட்டாள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் திருகாணியோடு வீட்டுக்குப் போயிருப்பாள். உற்சவரைத் தூக்கக் கழி செருகும் இடம் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "எங்கள் ஊர்ச் சாமிக்கும் இப்படித்தான். அப்பாதான் முன்கழி பிடிப்பார்" என்றாள். பிறகு பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதே கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரிடம் போனோம். அவள் முதலில் பார்த்தது ஆடும் காலை அல்ல, பீடத்தை.

வண்ணக்கட்டி ஐயா, நீங்கள் விடை சொன்னது தவறே இல்லை. சொன்ன பிறகு அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் குறை. அந்தக் காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும்?

மெழுகுக்கை

என் கதை சிறியது. ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் ஐந்து பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மெழுகுப் பயிற்சி கொடுத்தோம். சுவாமிமலையில் செய்வதுபோலவே தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய உருண்டைகள். பிள்ளைகள் ஆளுக்கொரு பாதம் செய்தார்கள். மெழுகின்மேல் காவிரி வண்டல் பூசி, காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவோம் என்றேன். ஒரு பையன் தன் பாதத்தைக் கைக்குள் மூடிக்கொண்டான். "அப்படியென்றால் கையால் செய்தது போய்விடுமா?" ஆமாம் என்றேன். மண் அச்சையும் உடைத்துத்தான் எடுப்போம், அதனால் அந்தச் சிலை ஒன்றே ஒன்றுதான். கடைசி வரை அவன் அந்தப் பாதத்தை மண் பூசத் தரவில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இனிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். ஆசிரியர் ஒரு வாரம் முன்பே தனியாகப் போய் வர வேண்டும். எந்தச் சிலைக்கு முன் முப்பது பேர் உட்கார இடம் இருக்கிறது, எங்கே கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்பதெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எழும்பூருக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. பேனா வேண்டாம், பென்சில் மட்டும். அதுவும் கூடத்துக்குள் சீவக்கூடாது, ஆளுக்கு இரண்டு சீவிக் கொடுத்துவிடுங்கள். தாளுக்கு அடியில் பழைய காலண்டர் அட்டை போதும். மூன்று சிலைக்கு மேல் காட்டாதீர்கள். முதல் பத்து நிமிடம் யாரும் எதுவும் வரையக்கூடாது, பார்க்க மட்டும். பிறகு முழுச் சிலையையும் வரையச் சொல்லாதீர்கள். ஒரு கை, ஒரு பாதம், இடுப்பின் ஒரு வளைவு போதும். அழிப்பான் கொடுக்காதீர்கள். முன்பக்கம் பார்த்தது போதாது, இடமிருந்தால் பின்பக்கமும் பார்க்க வையுங்கள். முதுகில் சிற்பியின் கை எவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கிறது என்று பிள்ளைகள் அங்கேதான் காண்பார்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, வந்து பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பள்ளிக்குத் திரும்பியதும் அடுத்த ஓவிய வகுப்பை அதற்கே ஒதுக்குங்கள். அந்த வகுப்பு இல்லாமல் போனால் அது சுற்றுலாதான்.

வண்ணக்கட்டி

எல்லோருக்கும் நன்றி. மெழுகுக்கை அண்ணா, காலண்டர் அட்டையையும் அழிப்பானையும் குறித்துக்கொண்டேன்.

எழும்பூர் ஐயா கேட்ட கேள்வியை நேற்று அப்படியே வகுப்பில் கேட்டேன். ரிஷபவாகனரின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன். சிலை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம் என்பதை மட்டும் சொன்னேன். அந்தப் பையன் எழுந்து வந்து மறுபடி கால்களைக் குறுக்கே வைத்தான். அவன் நண்பன் பக்கத்தில் கைகளைத் தரையில் ஊன்றிக் காளையாக நின்றான், மிகவும் தாழ்வு. முழங்காலில் கை வைத்து எழுந்தான், கொஞ்சம் உயரம். "இன்னும் இறங்கு, இன்னும் கொஞ்சம்" என்று வகுப்பே கத்தியது. ஓர் இடத்தில் கை சரியாகப் படிந்தது. அவன் தடுமாறவில்லை. ஒரு பிள்ளை ஓடிவந்து அந்த உயரத்தை அளவுகோலால் அளந்தாள்.

பிறகு எல்லோரையும் காளையை வரையச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் நந்திபோல் உட்கார்ந்த காளையை வரைந்திருந்தார்கள். அவன் வரைந்த காளை நிற்கிறது, தலையைத் திருப்பி அவரைப் பார்க்கிறது.