கில்ட்டுக்கு ஏற்ற கோட்டும் வெயிஸ்ட்கோட்டும்: பகல் திருமணத்துக்கும் இரவு விருந்துக்கும் ஒன்றே போதுமா?

கிளைடுக்கரை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் கிளாஸ்கோவில் வேலை பார்த்து வருகிறேன். உடன் பணியாற்றும் நண்பருக்கு அக்டோபர் மாதம் ஸ்டர்லிங் அருகே பகல் ஒரு மணிக்குத் திருமணம். ஸ்காட்லாந்து ஆண்களின் மரபான பாவாடை உடையாகிய கில்ட் அணிந்து வந்தால் தம் வீட்டார் மிகவும் மகிழ்வார்கள் என்று அவர் சொன்னதால், பிளாக் வாட்ச் என்னும் டார்ட்டனில் (டார்ட்டன் என்பது கட்டம் போட்ட கம்பளித் துணி), எட்டு கஜத்தில், என் அளவுக்கே தைத்து வாங்கிவிட்டேன். ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் இரவு விருந்துக்கும் அதையே அணிய வேண்டும். அந்த அழைப்பிதழில் ‘பிளாக் டை அல்லது ஹைலேண்ட் உடை’, அதாவது கருப்பு போ டையுடன் (வண்ணத்துப்பூச்சி வடிவ டை) கூடிய இரவுக் கோட் அல்லது கில்ட்டுடன் கூடிய ஸ்காட்லாந்து மரபுடை, என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

என் ஐயம் மேலுடையைப் பற்றியது. கடையில் பிரின்ஸ் சார்லி, ஆர்கைல் என்று இரண்டு வகைக் கோட்டுகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே அணியும் கையில்லாத வெயிஸ்ட்கோட் தனித்தனியாக உண்டு. இரண்டையும் வாங்க இப்போது கையில் பணம் இல்லை. அலுவலகத்துக்குப் போட்டுச் செல்லும் கருப்புக் கோட்டைப் பகல் திருமணத்துக்கு வைத்துக்கொண்டு, இரவுக்கு மட்டும் ஒன்றை வாங்கினால் போதுமா? ஸ்போரன் (கில்ட்டின் முன்னால் தொங்கவிடும் பை), காலுறை, காலணி ஆகியவற்றை எதைப் பார்த்துப் பொருத்துவது?

ஊசிநூல் எழுதியது:

தம்பி, அலுவலகக் கோட்டை மட்டும் இதனோடு சேர்க்காதீர்கள். எடின்பரோவில் கில்ட் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையின் பின்கட்டில் பல ஆண்டுகள் அளவு திருத்தும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே தொடை வரை இறங்கும் சாதாரணக் கோட், முன்னால் ஸ்போரனைப் பாதி மறைக்கும். பின்னால், கில்ட்டின் அழகெல்லாம் குடியிருக்கும் கொசுவத்தை மூடிவிடும். கில்ட்டுக்கென்று வெட்டும் கோட் குட்டையாக இருப்பதும், அதன் முன்விளிம்புகள் ஸ்போரனுக்கு வழிவிட்டு விலகுவதும் இதனால்தான்.

பிரின்ஸ் சார்லி என்பது இரவு உடை. பட்டுப் பளபளப்புள்ள கழுத்துமடல், மார்பின் இருபுறமும் மும்மூன்று பொத்தான், பின்னால் சிறு வால், பொத்தானிட்டு மூட முடியாத முன்புறம், தாழ வெட்டிய கழுத்தும் மூன்று பொத்தானும் உள்ள வெயிஸ்ட்கோட், அதற்கு மேல் போ டை என்று எல்லாமே மாலை ஆறு மணிக்குப் பிறகான விருந்தை நினைத்துச் செய்தவை. 1745-இல் கிளர்ச்சி நடத்திய சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள் என்றாலும் உடை அவர் காலத்ததன்று. ஆர்கைல் கோட் சற்று நீளமானது. கையின் நுனியில் அகலமான மடிப்பு இருக்கும். ஐந்து பொத்தான் வெயிஸ்ட்கோட்டும் நீளமான டையும் அதற்கு இயல்பான துணை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பாரதியா (barathea) என்னும் கருப்புக் கம்பளித் துணியில் வெள்ளி நிறப் பொத்தான் வைத்த ஆர்கைலை வாங்குங்கள். பகலில் டையுடனும், இரவில் போ டையுடனும் அதை அணிந்து எந்த மண்டபத்துக்குள்ளும் தலைநிமிர்ந்து நுழையலாம்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கில்ட்டை ஜீன்ஸ் அணியும் உயரத்தில், இடுப்பெலும்பின் மேல் அணியக் கூடாது. அதன் மேல்விளிம்பு தொப்புளை ஒட்டியும், கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுப்பகுதியிலும் நிற்க வேண்டும். கில்ட் கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் அந்த உயரத்தைக் கணக்கிட்டே தைக்கப்படுகின்றன. கில்ட் இரண்டு அங்குலம் இறங்கினால், நீங்கள் கையை உயர்த்தும்போது வெயிஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை ஒரு பட்டைபோல எட்டிப் பார்க்கும். என்னிடம் வந்து வெயிஸ்ட்கோட் குட்டை என்று குறைப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நான் கோட்டைத் தொடவே இல்லை. கில்ட்டின் பக்கவார்களை மேலேற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன், அவ்வளவுதான். வெயிஸ்ட்கோட் அணிந்தால் அகல பெல்ட் வேண்டாம் என்பதும் நினைவிருக்கட்டும். அதன் கொக்கி வெயிஸ்ட்கோட்டின் அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

அபர்டீன்வாசி எழுதியது:

ஊசிநூல் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இங்கே பகல் திருமணங்களிலும் மணமகன்கள் பிரின்ஸ் சார்லி கோட்டை ஐந்து பொத்தான் வெயிஸ்ட்கோட்டுடனும் டையுடனும் அணிவதை அடிக்கடி பார்க்கிறேன். யாரும் குறை சொல்வதில்லை. ஆனாலும் அக்டோபர் மாதத்துப் பகல் என்றால் என் மனம் ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணியையே நாடுகிறது. பிளாக் வாட்ச் என்பது கரும்பச்சை, கருநீலம், கருப்பு மூன்றும் கலந்த இருண்ட டார்ட்டன் என்பதால், அதன்மேல் கருப்புக் கோட் வந்தால் பகல் வெளிச்சத்தில் ஆள் முழுக்கவே இருண்டு தெரிவார். சாம்பல் நிற ட்வீடில் கோட்டும் அதே துணியில் வெயிஸ்ட்கோட்டும் கொம்புப் பொத்தானும் வைத்தால் டார்ட்டனின் பச்சை எடுத்துக் காட்டும். திருமணத்துக்கு ட்வீடை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கருப்பு ஆர்கைலை ஜனவரிக்கு வாங்குவதே என் யோசனை.

துணைப்பொருள்களில் நான் பார்ப்பது தோலும் உலோகமும். ட்வீடுக்குப் பழுப்புத் தோல் ஸ்போரன் என்றால் அதன் வாரும் காலணியும் பழுப்பாகவே இருக்கட்டும். இரவுக்கு, வெள்ளிப்பூண் வைத்த மென்மயிர் ஸ்போரனும், நாக்கு இல்லாமல் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டும் கருப்பு கில்லி புரோக் காலணியும் பொருந்தும். கோட்டின் பொத்தான் வெள்ளி நிறம் என்றால் கில்ட் பின்னிலும் (கில்ட்டில் குத்தும் அலங்கார ஊசி) ஸ்போரன் பூணிலும் பித்தளை வேண்டாம். கழுத்தில் டார்ட்டன் டை, காலில் டார்ட்டன் பட்டி என்று அதே கட்டத்தை எல்லா இடத்திலும் நிரப்பாமல், அதிலுள்ள ஒரு நிறத்தை, உங்களுக்குக் கரும்பச்சையை, டைக்கும் காலுறைப் பட்டிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தூய வெள்ளைக் காலுறையை நான் விரும்புவதில்லை. இரவுக்கு வெண்சந்தன நிறமும், பகலுக்குச் சாம்பலோ பச்சையோ நன்றாக இருக்கும்.

கில்ட் பின்னை மேல்மடிப்பில் மட்டும், வலக்கீழ் மூலையில் குத்த வேண்டும். அடிமடிப்பையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். என் கணவர் முதன்முறை கில்ட் அணிந்த நாளில் இதே தவற்றைச் செய்தார். தேவாலயப் படி ஏறுகையில் அடிமடிப்பு நெடுக நூல் பிரிந்துவிட்டது.

ஊசிநூல் எழுதியது:

அபர்டீன்வாசி அம்மா சொன்ன ட்வீட் யோசனையை முழு மனத்துடன் ஏற்கிறேன். பிளாக் வாட்ச் என்பதை நான் எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். காலுறைக்குள் செருகும் ஸ்கியன் டூ என்னும் சிறு கத்தி வேண்டுமென்றால், வலக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்காலின் வெளிப்புறத்தில், கைப்பிடியின் மேற்பகுதி மட்டும் தெரியும்படி செருகுவார். தேசிய உடையின் பகுதியாக அணிவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காதீர்கள்.

கிளைடுக்கரை எழுதியது:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று இரவு கண்ணாடிமுன் நின்று பார்த்தபோது, நானும் கில்ட்டை இடுப்பெலும்பில்தான் கட்டியிருந்தேன் என்பது தெரிந்தது. மூன்று வார்களையும் அவிழ்த்து, தொப்புள் உயரத்துக்கு ஏற்றி, ஒரு துளை கூட்டி இறுக்கினேன். முழங்காலை மூடியிருந்த விளிம்பும் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. சாம்பல் ட்வீடை வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்போரனை எவ்வளவு கீழே தொங்கவிட வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

அபர்டீன்வாசி எழுதியது:

வெயிஸ்ட்கோட்டின் கீழ்முனையிலிருந்து நான்கு விரல் அளவு விட்டு ஸ்போரனின் மேல்விளிம்பு வரட்டும். இரவில் கெய்லி (ceilidh) என்னும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்துக்கு அழைப்பார்கள். அப்போது அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டு ஆடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு துள்ளலுக்கும் அது தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும்.