மண் ஈரமாக இருந்தும் செம்பருத்தி வாடுகிறது, எந்தக் கலவை போடுவது?

புதுத்தொட்டி:
அவசரம். நர்சரியில் வாங்கிய செம்பருத்தியைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குகிறது. தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், மேலே தொட்டால் ஈரம்தான். கலவை சரியில்லை போல. வேறு எது நல்லது?

களைக்கொத்து:
இப்போது என்ன கலவை? துளை உண்டா? வெயில் எவ்வளவு நேரம்? மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா?

செம்மண்:
கோகோபீட்தான், அந்தத் தேங்காய் நார்த்தூள்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். அலசாத கட்டியில் உப்பு இருக்கும், இலை நுனி கருகும். ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துதான் போடணும்.

புதுத்தொட்டி:
கோகோபீட்டும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. துளை இருக்கிறது, அடியில் சல்லி போட்டிருக்கிறேன். நுனி கருகவில்லை.

வேரடி:
கலவை, தொட்டி அளவு, துளை, வெயில் நான்கையும் முதலிலேயே எழுதுங்கள் என்று இங்கே எத்தனை முறை சொல்லியாயிற்று! பாதிக்குப் பாதி மண்புழு உரம் யார் சொன்ன கணக்கு? அவ்வளவு போட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. இது வேரழுகல், தண்ணீரை நிறுத்துங்கள். அந்தச் சல்லியும் வீண்.

செம்மண்:
சல்லி எப்படி வீண்? என் தொட்டி எல்லாவற்றிலும் உண்டு, ஒன்றும் ஆகவில்லை.

வேரடி:
துளை அடைபடாமலிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். நைசான கலவையில் நிற்கும் நீர், சல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. கலவையின் அடிப்பகுதி சொதசொதத்த பிறகுதான் சொட்டும். தொட்டி அடியில் நிற்க வேண்டிய ஈரம் சல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் நிற்கும். நீர் வடிய வேண்டுமானால் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளைக் கலவையோடு கலக்க வேண்டும்.

களைக்கொத்து:
சல்லிச் சண்டை அப்புறம். நர்சரிப் பையிலிருந்த மண் உருண்டையை உதிர்த்து நட்டீர்களா, அப்படியே வைத்தீர்களா? களிமண் உருண்டை காய்ந்து இறுகினால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள லேசான கலவை வழியாக இறங்கிவிடும். வேர் உருண்டைக்குள் காய்ந்து கிடக்கும். தண்டை ஒட்டி ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள்.

புதுத்தொட்டி:
வேர் அறுந்துவிடும் என்று அப்படியே வைத்தேன். குச்சி ஓரத்தில் சுலபமாக இறங்குகிறது. தண்டுப் பக்கம் இரண்டு விரல்கடைக்கு மேல் இறங்கவில்லை, நுனியில் வெறும் புழுதி.

களைக்கொத்து:
அதுதான் சங்கதி. உருண்டையில் நாலைந்து இடம் குத்திவிட்டு, தொட்டியை மண்மட்டம் வரை தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். பிறகு வடியவிட்டு நிழலில் வையுங்கள். இப்போதைக்கு உரம் வேண்டாம்.

வேரடி:
முதலில் ஒரு வேரைப் பாருங்கள். வெளிறி உறுதியாக இருந்தால் ஊறவைக்கலாம். பழுப்பாகக் கொழகொழத்துத் தோல் உரிந்தால் அழுகல்தான்.

புதுத்தொட்டி:
வேர் வெள்ளைதான். ஊறவைத்தேன், வெகுநேரம் குமிழி வந்தது. காலையில் கொழுந்து நிமிர்ந்துவிட்டது. நன்றி.

செம்மண்:
சந்தோஷம். ஆனால் கோகோபீட்டை அலசினீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.