டயறியைக் கரைத்த இரவு

முன்னாள் பக்க வடிவமைப்பாளர்:

பத்திரிகைக்காரர்களைப் பிடித்துச் சிறையில் போட்ட காலத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் நான் ஒரு நாள்கூட உள்ளே இருந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008இல் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் இல்லை என்பதால் நமக்கு ஒன்றும் வராது என்று ஒரு அசட்டுத் துணிச்சல். மார்ச் 6ஆம் தேதி அச்சகம் நடத்திய கணவன் மனைவியைப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு பிடித்தது. மறுநாள் அவர்களைப் பற்றிக் கேட்கப் போன பத்திரிகையாளர் திசைநாயகத்தையும் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அச்சடித்தவரையே விடவில்லை என்றதும் என் துணிச்சல் போன இடம் தெரியவில்லை.

அன்றிரவு டயறியை எடுத்தேன். எரித்தால் புகை மணம் கீழ் வீட்டுக்காரருக்குப் போகும். அதனால் பக்கம் பக்கமாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்தேன். மை கரைந்து தண்ணீர் நீலமாகிவிட்டது. விரல் இடுக்கில் ஏறிய நீலம் இரண்டு நாள் போகவில்லை. அந்தப் பக்கங்களில்தான் வவுனியாவில் ஒரு கடையின் தொலைபேசி எண்ணும் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வாழ்ந்த என் அக்காவுக்குச் சேதி சொல்ல அது ஒன்றுதான் வழி. பார்த்துப் பார்த்தே அழைத்துப் பழகியதால் மனப்பாடமில்லை. அதையும் சேர்த்துத்தான் பிசைந்தேன்.

அலுவலகத்திலும் அப்படித்தான். பெயர் போட்டு எழுதியவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ‘நமது நிருபர்’ ஆனார்கள். என் வேலை மிச்சம், பெயர் வைக்க இடம் விட வேண்டியதில்லை!

நீதிமன்றச் செய்தி எழுதியவர்:

அண்ணை, நீங்கள் பயந்ததில் பிழையே இல்லை. 1979இல் தற்காலிகமாக என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம் அது. அமைச்சரின் கையெழுத்து இருந்தால் மூன்று மூன்று மாதமாக நீட்டிப் பதினெட்டு மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ள ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் போதும், வழக்கில் அதுவே சாட்சி. மிரட்டித்தான் வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது உள்ளே இருப்பவர். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. வித்தியாசம் புரிகிறதுதானே?

திசைநாயகத்தின் மேல் குற்றப்பத்திரிகை வந்தது ஓகஸ்டில்தான். 2006இல் ஒரு மாத சஞ்சிகையில் வந்த இரண்டு கட்டுரைகள், அப்புறம் அந்தச் சஞ்சிகைக்குச் சேர்த்த பணம். அச்சுறுத்தி வாங்கிய வாக்குமூலம் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: அவர் எழுதியபோது அரசும் புலிகளும் செய்த 2002 போர்நிறுத்த ஒப்பந்தம் தாளிலாவது உயிரோடு இருந்தது. பிடித்தபோது போர். கொழும்பு மேல் நீதிமன்றம் இருபது வருடக் கடூழியச் சிறை விதித்த 2009 ஓகஸ்ட் 31இல் போர் முடிந்து மூன்று மாதம் கழிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த மாலை எங்கள் மேசையில் யாரும் தலைப்பு வைக்க முன்வரவில்லை. கடைசியில் தண்டனையை மட்டும் எழுதி, ஒரு பெயரடையும் இல்லாமல் விட்டோம்.

2010 ஜனவரியில் பிணை, மே மாதம் பொதுமன்னிப்பு. மன்னிப்பை அறிவித்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். நாள் பார்த்துச் செய்வதில் நம்மவர்களை அடிக்க முடியாது.

‘சுடர் ஒளி’ பத்திரிகை ஆசிரியர் வித்தியாதரனையும் சொல்ல வேண்டும். 2009 பெப்ரவரியில் கல்கிசையில் ஒரு மரணவீட்டில் வைத்து வெள்ளை வான் வண்டியில் ஏற்றினார்கள். முதலில் கடத்தல் என்றார்கள், பிறகு கைது என்றார்கள். இரண்டு மாதத்தில் ஆதாரம் இல்லையென்று விட்டார்கள்.

ஒரு நிருபரின் தங்கை:

என் அண்ணா பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏழு மாதம் உள்ளே இருந்தார், வழக்கே போடவில்லை. அதனால் அவரை யாரும் எண்ணவும் இல்லை.

கிழமைக்கு ஒருமுறை சோற்றுப் பார்சல் கொண்டுபோவோம். வாசலில் இருந்தவர் பார்சலைப் பிரித்து, தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் திருப்பிப் பிடித்துச் சோற்றைக் கிளறுவார். அதே பேனாவால் எங்கள் அடையாள அட்டை எண்ணைக் குறிப்பார். அம்மா வீட்டிலேயே மீன் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் கட்டுவார், அவர் கையில் குத்திவிட்டால் அடுத்த கிழமை விடமாட்டாரோ என்ற பயத்தில். உள்ளே வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். ‘சாப்பிட்டியா’ என்பதற்கு மேல் எதுவும் கேட்காது.

சிங்களத்தில் எழுதிய ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். அண்ணாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

விட்ட அன்று சாமான்களைக் கடுதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். இடுப்புப் பட்டி, மணிக்கூடு, அரசாங்கத் தகவல் திணைக்களம் கொடுத்த ஊடக அட்டை. அட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.