வெட்டிய இடம் ஒன்றே. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால்: பிளனேரியாவின் செல்களுக்கு இதை அறிவிப்பது எது?

கேள்வி: ஈர வடிதாள்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் துறை ஆய்வகத்தில் பிளனேரியா என்னும் தட்டைப்புழுவை வெட்டி வளர்க்கும் பயிற்சி நடந்தது. ஒரு வாரம் உணவின்றி வைத்திருந்த புழுவை, பனிக்கட்டியின் மேல் விரித்த ஈர வடிதாளில் அசையாமல் கிடக்கச் செய்து, உடலின் நடுப்பகுதியில் உள்ள தொண்டைக்குச் சற்று முன்னால் குறுக்காக வெட்டினேன். மூன்றாம் நாள் இரண்டு துண்டுகளின் காயத்திலும் நிறமற்ற சிறு மொட்டு தெரிந்தது. ஏழாம் நாள் பின்துண்டின் மொட்டில் ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளிகள், அதாவது கண்கள், தோன்றிவிட்டன. முன்துண்டின் மொட்டோ வாலாகக் கூர்ந்திருந்தது.

மேனிலைப் பள்ளியிலிருந்தே இதை “இழப்பு மீட்டல்” என்று படித்துவருகிறோம். வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் இருப்பதால் வளர்கிறது என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் கத்தி இறங்கும் வரை அடுத்தடுத்து இருந்த செல்கள்தாமே அவை? வெட்டின் இந்தப் பக்கம் அகப்பட்டவை வாலை உருவாக்க, அந்தப் பக்கம் அகப்பட்டவை மூளையும் கண்ணும் உள்ள தலையை உருவாக்குகின்றன. எதை உருவாக்க வேண்டும் என்பது அவற்றுக்கு எங்கிருந்து தெரிகிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஆய்வக மேசை

நல்ல இடத்தில் கேள்வியை நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இத்துறையினரை உறங்கவிடாத கேள்வி இது. பழ ஈ ஆய்வுகளால் பின்னாளில் புகழ்பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன், 1890களின் இறுதியில் இதே புழுக்களைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் ஸ்டெம் செல்களைப் பார்ப்போம். பிளனேரியாவின் உடற்செல்களில் பகுப்படையக்கூடியவை நியோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் மட்டுமே. கதிர்வீச்சால் அவற்றை முற்றிலும் அழித்துவிட்டால் புழு புதிய திசுவை உருவாக்க இயலாமல் சில வாரங்களில் இறந்துவிடும். அப்படிக் கதிர்வீச்சுக்கு ஆளான புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தி, அது பெருகி உடல் முழுவதையும் மீண்டும் நிரப்புவதை, அமெரிக்காவின் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ரெட்டியன் குழுவினர் 2011இல் காட்டினர். எனவே எந்தத் திசுவாகவும் மாறும் ஆற்றல் அந்தச் செல்களிடம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆற்றல் வேறு, ஆணை வேறு.

ஆணையின் பெரும்பகுதி விண்ட் என்னும் சமிக்ஞைப் புரதங்களில் அடங்கியிருக்கிறது. புழுவின் வால்பக்கம் இச்சமிக்ஞை மிகுந்தும் தலைப்பக்கம் குறைந்தும் இருக்கும். விண்ட் சமிக்ஞையைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் பீட்டா-கேட்டனின் என்னும் புரதத்தின் மரபணுவை ஒடுக்கினால், வால் முளைக்க வேண்டிய காயத்திலும் தலை முளைக்கிறது என்று 2008இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தெரிவித்தன. அதைவிட வியப்பானது, வெட்டே படாத புழுவிலும் நாள்பட உடலின் ஓரங்களில் தலைகள் தோன்றியதுதான். மரபணுவை ஒடுக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவை ஈரல் கூழில் கலந்து ஊட்டினாலே போதும் என்பதால், இந்தச் சோதனையின் எளிமை என்னை இன்றும் ஈர்க்கிறது.

காயம் ஏற்பட்ட சில மணி நேரத்தில் விண்ட்1 மரபணு எல்லாக் காயங்களிலும் செயல்படத் தொடங்குகிறது. அது தலைப்பக்கம், வால்பக்கம் என்று பார்ப்பதில்லை. வேறுபாட்டை உண்டாக்குவது நோட்டம் என்னும் மற்றொரு மரபணு. அது பெரும்பாலும் முன்னோக்கிய காயத்தில், அதாவது உங்கள் பின்துண்டின் வெட்டுமுகத்தில், செயல்படுகிறது. அதன் புரதம் ஒரு நொதி. விண்ட் புரதத்தோடு இணைந்திருக்கும் கொழுப்பு அமிலத்தை நீக்கி அதைச் செயலிழக்கச் செய்கிறது. அங்கே விண்ட் அடங்குவதால் தலை உருவாகிறது. நோட்டத்தை ஒடுக்கிவிட்டு வெட்டினால் தலை இருக்க வேண்டிய இடத்தில் வால் முளைக்கும்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்த மரபணுக்கள் நியோபிளாஸ்டுகளில் அல்ல, பெரும்பாலும் தசைச் செல்களில் செயல்படுகின்றன. இதை 2013இல் ரெட்டியன் குழுவினரே கண்டறிந்தனர். சுருங்கி விரிவதற்கு மட்டுமே என்று நாம் எண்ணியிருந்த தசை, உடலின் எந்தப் பகுதி எது என்னும் வரைபடத்தையும் தாங்கி நிற்கிறது. மேலும் 2017இல் அவர்கள் நீளவாக்குத் தசைநார்களை மட்டும் இல்லாமல் ஆக்கியபோது, காயம் ஆறியது, ஆனால் இழந்த உறுப்பு வளரவில்லை. நோட்டம் செயல்படுவதும் அந்த நீளவாக்கு நார்களில்தான். ஆகவே உங்கள் கத்தியின் இருபுறமும் இருந்த நியோபிளாஸ்டுகளுக்குத் தலையா வாலா என்பது முன்கூட்டித் தெரியாது. அவை தம்மைச் சுற்றியுள்ள தசை சொல்வதைக் கேட்கின்றன.

பதில்: குளத்துநீர்

மேலே உள்ள விளக்கம் சிறப்பானது. அதற்கு மிக வலுவான சான்றாக நான் கருதும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எல்லாத் தட்டைப்புழுக்களும் எங்கே வெட்டினாலும் தலையை மீட்பதில்லை. ஐரோப்பிய நீர்நிலைகளில் வாழும் டென்ட்ரோசீலம் லாக்டியம் என்னும் பால்நிறப் புழுவை முன்பகுதியில் வெட்டினால் தலை வளரும். உடலின் பின்பாதியில் வெட்டினால் வளராது. அந்தப் பின்துண்டில் நியோபிளாஸ்டுகள் இருக்கின்றன, காயமும் மூடிக்கொள்கிறது, இருந்தும் துண்டு தலையின்றியே கிடக்கும். அங்கே விண்ட் சமிக்ஞை அடங்காமல் இருப்பதே தடை என்று எண்ணி, பீட்டா-கேட்டனினை ஒடுக்கிப் பார்த்தபோது, அந்தத் துண்டு முழுமையான தலையை வளர்த்தது. ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று குழுக்கள், மூன்று வேறுவேறு இனப் புழுக்களில் கண்ட இதே முடிவை 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்டன. பரிணாமப் போக்கில் இழந்துபோன ஓர் ஆற்றல், ஒரே மரபணுவை ஒடுக்கியதால் திரும்பியது என்பதை முதன்முறை படித்தபோது நான் நெடுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிளனேரியாவை வைத்து எல்லா விலங்குகளையும் அளந்துவிடக் கூடாது. ஆக்சலாட்டில் என்னும் சாலமண்டர் வகை விலங்கு கால் இழந்தால் அங்கும் மொட்டு உண்டாகி முழுக்கால் வளர்கிறது. அந்த மொட்டின் செல்களும் எதுவாகவும் மாறக்கூடியவை என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆய்வாளர் எல்லி தனகாவின் குழுவினர் பச்சை ஒளிரும் புரதம் கொண்ட திசுக்களை ஒட்டவைத்துப் பின்தொடர்ந்து, தசையிலிருந்து வந்த செல்கள் குருத்தெலும்பாக மாறுவதில்லை, தம் பழைய அடையாளத்துக்குள்ளேயே நிற்கின்றன என்று 2009இல் காட்டினர். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மொட்டுகள் உள்ளே வெவ்வேறு முறையில் இயங்குகின்றன.

பதில்: மருந்தாளுநர்

நான் ஆய்வாளன் அல்லன்; இந்த உரையாடல் என் வீட்டில் நடந்த ஒன்றைத் தொடுவதால் எழுதுகிறேன். என் தாயாரின் முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று ஓரிடத்தில் உறுதியளித்துப் பெருந்தொகை வாங்கினார்கள். ஓராண்டுக்குப் பின்னும் அம்மா படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறார். செல்லைச் செலுத்தினால் தேவையான இடத்தில் தேவையான திசு தானாக வளரும் என்று அன்று நாங்களும் நம்பினோம். ஆணை வேறு, ஆற்றல் வேறு என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதை அன்றே படித்திருந்தால் இன்னும் நான்கு கேள்விகள் கேட்டிருப்பேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை முறையான மருத்துவ ஆய்வுகளுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. மருத்துவ ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. வீட்டில் முதியவர்கள் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஈர வடிதாள்

மூவருக்கும் மிக்க நன்றி. தசை என்ற பதிலை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. மருந்தாளுநர் ஐயா, அம்மாவின் வலி தணிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னும் ஒரு ஐயம். மிக மெல்லிய குறுக்குத் துண்டுகளில் சில, இரண்டு முனைகளிலும் தலையோடு வளர்ந்ததாக மார்கன் எழுதியிருக்கிறார் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். துண்டு அவ்வளவு குறுகிவிட்டால் தசைநார்களின் முன்பின் வேறுபாடும் குழம்பிவிடுமா?

பதில்: ஆய்வக மேசை

அப்படித்தான் நானும் கருதுகிறேன், ஆயினும் நீங்களே வெட்டிப் பாருங்கள். தலைக்கு அருகிலிருந்து எடுத்த மெல்லிய துண்டுகளைத் தனியாகவும், தொண்டைக்குப் பின்னாலிருந்து எடுத்தவற்றைத் தனியாகவும் வையுங்கள். மெல்லிய துண்டுகள் பல இறந்துபோகும் என்பதால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீரை நாள்தோறும் மாற்றுங்கள். கண்புள்ளிகள் எந்த முனையில் எந்த நாளில் தோன்றின என்று குறித்துவைத்து இங்கே எழுதினால், அதைக் கொண்டு மேலே பேசலாம்.