மச்சான் மேல் 185 கேஸ் (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது): கோர்ட்டில் எதிர்க்க வழி உண்டா?

பெருங்குடி வாசி:
நேற்று ராத்திரி ஓ.எம்.ஆரில் மச்சானை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். கருவி 42 காட்டியது. வண்டியும் லைசென்ஸும் போலீஸ் கையில். இருமல் மருந்துதான் குடித்தேன் என்கிறான். என் மனைவி நம்புகிறாள், நான் நம்பவில்லை. என்ன செய்யலாம்?

கறுப்புக்கோட்டு:
100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்தான் வரம்பு. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பாட் ஃபைனாகக் கட்டி முடிக்கிற கேஸ் இல்லை. முதலில், ஊதியபோது கருவி கொடுத்த சீட்டின் நகலைக் கேளுங்கள். நேரம், கருவி எண், கையெழுத்து சரியா? கருவியைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள்? நல்ல வாதங்கள் அங்கேதான் கிடைக்கும். கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும். அதற்காகக் கேஸே போய்விடாது.

சைதை மணி:
மருந்து வாயில் இருந்தால் கால் மணி நேரத்தில் அளவு இறங்கிவிடுமே. மறுபடி ஊதினாரா?

பெருங்குடி வாசி:
அரை மணி கழித்து ஊதினான். 40.

கறுப்புக்கோட்டு:
அப்போ சிரப் கதை வேண்டாம் அண்ணே. சீட்டில் ஓட்டை இல்லையென்றால் ஒப்புக்கொண்டு, முதல் தடவை என்று சொல்லி அபராதத்தோடு விடக் கேட்கலாம். லைசென்ஸ் சஸ்பெண்டுக்கும் தயாராக இருங்கள். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.